வாரம் ஒருமுறை ஹைவே

மூன்றாவது தடவையாக அந்த அம்மா வந்து அதே காரின் முன்னால் நின்றபோது, கனகராஜ் தின்றுகொண்டிருந்த மீ கோரேங்கை மூடி வைத்துவிட்டு எழுந்தான். ஈப்போ சிலிபினில் அந்தப் பழைய கார் கடையில் அவனுக்குப் பதினோரு வருஷ வேலை. வருகிறவர்கள் பின்சீட்டில் எத்தனை பேர் உட்காரலாம் என்பார்கள், வெள்ளத்தண்ணீர் ஏறிய காரா என்பார்கள். இந்த அம்மா இரண்டு தடவையும் கேட்டது ஒரே கேள்விதான்: "இது டீசல்தானே தம்பி?" ஆமாம் என்றதும் போய்விடுவார்.

அது சின்ன எஸ்யூவி. முன்பெல்லாம் அந்த மாதிரி டீசல் காருக்குச் சொல்லி வைத்து வாங்கிப்போனார்கள். மலையேற்றத்தில் நல்ல இழுவை, எண்ணெயும் மிச்சம். டீசல் விலை ஏறியதிலிருந்து யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்து வாரமாக அதன் கூரையில் இலை உதிர்ந்துகொண்டிருந்தது. அதைத் தள்ளிவிட்டால் போதும் என்று முதலாளி இருந்தார். ஆனால் போன வருஷம் இதே மாதிரி ஒன்றை ஒரு வாத்தியாருக்கு விற்று, நாலே மாதத்தில் ஃபில்டர் அடைத்துக்கொண்டு, அவர் வந்து பேசிய பேச்சு இன்னும் கனகராஜின் காதில் இருந்தது.

"ஆண்ட்டி, ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் ஓட்டுவீங்க?"

"பாசாருக்கும் கோயிலுக்கும்தான். மூண்டு கிலோமீட்டர் வரும்."

"அப்பன்னா டீசல் வேணாம்லா. புகை போற எடத்துல ஒரு ஃபில்டர் இருக்கு. டவுனுக்குள்ளயே ஓட்டுனா கரி அடைச்சுக்கும். வாரத்துல ஒரு தடவையாச்சும் ஹைவேல அரை மணி நேரம் விட்டு ஓட்டணும். அப்பதான் அது எரிஞ்சு சுத்தமாவும்."

"கட்டாயமோ?"

"கட்டாயந்தான்."

முகம் வாடும் என்று காத்திருந்தான். வாடவில்லை. பரீட்சை முடிவில் தன் நம்பரைக் கண்டுபிடித்துவிட்ட பிள்ளையைப் போல் இருந்தது அந்த முகம்.

"நெட்டில வாசிச்சனான். உண்மையோ எண்டு கேக்கத்தான் வந்தது. கேக்க வாய் வரேல்லை." அவர் பெயர் சந்திரமதி. கல்வி இலாகாவில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் ஸ்கந்தராஜா, பொதுப்பணி இலாகாவில் எஞ்சினியராக இருந்தவர். கண்ணில் நீர் அழுத்தம் வந்து, இரண்டு வருஷமாகக் கார் ஓட்டுவதில்லை. "ஹைவேக்கு உமக்கு என்ன அவசியம் எண்டு கேப்பார். நியாயமான அவசியம் எண்டால் மறிக்கமாட்டார். அறுபத்திரண்டு வயசு தம்பி எனக்கு. இந்த ஈப்போவைத் தாண்டி நானா ஒரு இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனதில்லை. இதை இவருக்கும் ஒருக்காச் சொல்லுவீரோ?"

வாங்க வேண்டாம் என்று சொன்ன காரணமே வாங்கும் காரணமாகிவிட்டதில் கனகராஜுக்கு வேடிக்கையாக இருந்தது.

சனிக்கிழமை இருவரும் வந்தார்கள். ஸ்கந்தராஜா காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. கையேட்டை வாங்கி, பூதக்கண்ணாடியை வைத்து, ஃபில்டர் பற்றிய பக்கத்தை வரிவரியாகப் படித்தார். கனகராஜ் நாற்காலி கொண்டுவந்து போட்டான், அவர் உட்காரவில்லை.

"எல்லாம் சரி. இவ ஓட்டுறது பாசாருக்கு. அதுக்குப் பெட்ரோல் கார் போதாதோ?"

சந்திரமதி முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி போனில் பேசுவதை நிறுத்தியிருந்தார். ஒரு பொய் போதும், எல்லாருக்கும் நல்லதாக முடிந்துவிடும். ஆனால் அந்த மனிதர் மங்கிய கண்ணை அவன் முகத்துக்கு நேரே வைத்திருந்தார்.

"பாசாருக்கு மட்டும்னா பெட்ரோலே போதும் அங்கிள்."

ஸ்கந்தராஜா கையேட்டை மூடினார்.

"பாசாருக்கு மட்டும் போக எனக்கு விருப்பமில்லை," என்றார் சந்திரமதி. சத்தமில்லாமல்தான் சொன்னார்.

ரோட்டில் இரண்டு லோரி போயின. ஸ்கந்தராஜா மனைவியின் பக்கம் தலையைத் திருப்பினார். எத்தனை வருஷப் பேச்சு அந்த ஒரு வரிக்குள் இருந்தது என்று கனகராஜுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. அவர் மறுபடி கையேட்டைத் திறந்து பக்கத்தைத் தேடினார்.

"அரை மணித்தியாலம் எண்டால் எதுவரை போகலாம்?"

"கோப்பெங் போய்த் திரும்பலாம் அங்கிள்."

"இவ இப்ப ஓட்டிப் பார்க்கலாமோ?"

மூன்று மாதம் கழித்து முதல் சர்வீசுக்குக் கார் வந்தது. சந்திரமதி முன்னறையில் உட்கார்ந்து, எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். கனகராஜ் மீட்டரைக் குறித்துக்கொள்ளக் கதவைத் திறந்தான். நாலாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் கூடியிருந்தது. வாராவாரம் கோப்பெங் போய்வந்தால் இவ்வளவு வராது. முன்கண்ணாடி ஓரமெல்லாம் பூச்சி அடித்து உலர்ந்திருந்தது.

தூசி உறிஞ்சும் குழாயை எடுத்துக்கொண்டு மற்றப் பக்கக் கதவைத் திறந்தான். ஓட்டுபவரின் பக்கத்து இருக்கையின் கீழே, கால்மிதியில், கடல்மணல். வெள்ளை வெளேரென்று, நடுவில் கிளிஞ்சல் துண்டுகள். பெரிய பாதம் இரண்டு ஈரத்தோடு ஊன்றியிருந்த அச்சு அதில் அப்படியே காய்ந்து கிடந்தது. கனகராஜ் சுவிட்சை அழுத்தாமல் குழாயைக் கையில் பிடித்தபடி நின்றான்.