ஆறாவது கப்பு

கடலில் இறங்கிவிட்டு வந்த டீச்சர் துண்டைப் பிரித்துக் காட்டினார். உள்ளே இருந்தது என் கப்பு.

வெள்ளைப் பீங்கான், விளிம்புக்குக் கீழே ஒரு நீலக் கோடு. அந்தக் கோடு முழுசாகச் சுற்றி வராது. கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு விரல் அளவு விட்டுப்போயிருக்கும். அந்தக் குறைக்காகத்தான் கடைக்காரன் ஆறு கப்பையும் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். என் அக்காவும் அதைத் தேடிப்பிடித்து என் கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுத்தாள். அவள் கை அவ்வளவு தாராளம். இருந்தாலும் வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே பீங்கான் சாமான் அதுதான்.

போன மழைக்கு முன்னால் ஆறில் ஒன்று காணாமல் போனது. மாமியார்தான் உடைத்துவிட்டு மறைக்கிறார் என்று நான் வீட்டை இரண்டாக்கினேன். "நான் தொடவே இல்லம்மா" என்று அத்தை எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு எவர்சில்வர் டம்ளரில்தான் டீ. விருந்தாளிக்கு ஊற்றுவதற்கு மட்டும் என் கப்பை எடுப்பார், அதுவும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

இப்போது அந்தக் கப்பு மேலெல்லாம் சுண்ணாம்பு பூத்து, அடியில் பாசி ஏறி, டீச்சரின் ஈரத்துண்டில் உட்கார்ந்திருந்தது.

எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் டைவிங் கடை. என் வீட்டுக்காரர் ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப் போய், அங்கே மூழ்கிக் கிடக்கிற பழைய கப்பலைக் காட்டுகிறவர். ஊரில் அவருக்கு முக்குளி என்று பெயர், வருகிறவர்களுக்கு மாஸ்டர். நானும் கூடவே இறங்கிக்கொண்டிருந்தவள்தான். காது ஜவ்வு கிழிந்ததும் டாக்டர் எனக்குக் கடலை மூடிவிட்டார். இப்போது சிலிண்டருக்குக் காற்றடைப்பதும் ரப்பர் உடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசிப் போடுவதும் என் வேலை. அன்றைக்கும் அலசும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

"மாஸ்டர், எதையும் எடுக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க" என்றார் டீச்சர். உப்பில் சிவந்த கண், தொங்கிப்போன முகம். "நீங்க திரும்பின நேரமாப் பாத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன். பிள்ளைங்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கறவ நான். திருடிட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அந்தக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர் அவருடைய தாத்தா. கப்பல் பவளப்பாறையில் மோதி மூழ்கியபோது அவர் மேலே வரவில்லை. டீச்சரின் அப்பா அப்போது கைக்குழந்தை. தகப்பனின் போட்டோகூட இல்லாமல் வளர்ந்து, இப்போது படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவருக்காகத்தான் டீச்சர் தலை நரைத்த பிறகு நீச்சல் கற்று, முதுகில் சிலிண்டர் கட்டக் கற்று, இந்தத் தீவைத் தேடி வந்திருந்தார். வந்த அன்றைக்கே இதையெல்லாம் எங்கள் முன்னறையில் உட்கார்ந்து சொன்னார். என் வீட்டுக்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மனுஷர் இப்போது, "பரவால்ல டீச்சர். மத்தவங்க எடுத்தாத்தான் தப்பு. உங்களுக்கு உரிமை இருக்கு" என்றார், வாய் கூசாமல்.

அவரைத் தொட்டிக்குள் தள்ளிவிடலாமா என்று வந்தது. கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கம்ப்ரசர் அறைக்கு இழுத்துப் போனேன். அந்த மெஷின் ஓடும்போது ரகசியம் பேசினால் தெருவுக்கே கேட்கும்படி கத்தித்தான் பேச வேண்டும். அதனால் அதை அணைத்தேன்.

"அது என் கப்பு."

"தெரியும்."

அந்தக் கப்பலில் பழைய சாமான் என்று ஒன்றும் மிச்சமில்லை. கழற்ற முடிந்ததையெல்லாம் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கழற்றிப் போய்விட்டார்கள். மேலே வந்து, "வெறும் துரு" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்காக இவர் அங்கங்கே பாட்டில் வைப்பார், நசுங்கின ஸ்பூன் வைப்பார். கொஞ்ச நாள் கிடந்தால் கடலே அவற்றுக்கு வயசைப் பூசிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்து சிரித்தவள்தான் நான். என் அலமாரியிலும் கை வைத்திருப்பார் என்றுதான் தெரியாமல் போனது.

"பாட்டிலை ஒருத்தரும் நின்னு பாக்கறதில்ல. கப்புன்னா நிக்கிறாங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அந்த அம்மா யாருன்னு தெரிஞ்சுமா காட்டுனீங்க?"

"அவ்வளவு தூரம் வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப மனசு வரல."

"உங்கம்மாவை நான் என்னென்ன பேசினேன். பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீங்களே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"போய் டீச்சர்கிட்ட சொல்லுங்க."

"கரையேறினதுமே அப்பாவுக்கு வீடியோ போட்டுக் காமிச்சிட்டாங்களாம். பெரியவர் கப்பைத் தொடற மாதிரி போனைத் தொட்டுத் தொட்டு அழுதாராம். இனிமே எப்படிடி சொல்றது?"

நியாயமாக நான் விடாமல் பிடித்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன். விடிந்தால் டீச்சர் கப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார், பெரியவரும் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கண்ணை மூடுவார், யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். மற்ற ஐந்து கப்பும் சமையலறை அலமாரியில் வரிசையாகத் தொங்குவது அப்போதுதான் உறைத்தது. என் முதல் யோசனை அவற்றை அரிசி டின்னுக்குள் போட்டு மூடுவது. உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை, ஒளிக்கத்தான் தோன்றியது. நானும் அவரும் பொருத்தமான ஜோடிதான்.

ஓடினேன். அதற்குள் டீச்சர் அங்கே நின்றிருந்தார். கப்பை வெந்நீரில் கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டு வந்தவரை அத்தை உட்காரச் சொல்லி, விருந்தாளியாயிற்றே என்று, என் கப்பில் டீ ஊற்றி நீட்டியிருக்கிறார். டீச்சரின் ஒரு கையில் ஆவி பறக்கிற கப்பு, மறு கையில் பாசி பிடித்த கப்பு.

"இதே கோடு" என்றார் மெதுவாக. "இதுலயும் சேரல." அலமாரியைப் பார்த்தார். "அதுலயும் சேரல."

அத்தை பாசிக் கப்பைப் பார்த்தார். என் பின்னால் வந்து திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது. இத்தனை நாள் நான் சுமத்திய பழி ஒரே வார்த்தையில் இறங்கிவிடும். நான் தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

"இந்த மாதிரி கப்பு முன்னெல்லாம் எல்லாக் கடையிலயும் கிடைக்கும் டீச்சரம்மா" என்றார் அத்தை. "எங்க வீட்டுலயும் ஆறு இருந்துச்சு. ஒன்னை நான்தான் கை தவறி உடைச்சிட்டேன்."

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீத்தூள் டப்பாவை மூடினார். நான் கத்திக் கேட்டபோதெல்லாம் ஒத்துக்கொள்ளாததை, இப்போது எங்கள் மானத்துக்காக ஒத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"அத்தை எதையும் உடைக்கல" என்றேன். "அது எங்க கப்புதான் டீச்சர். இவர்தான் கொண்டுபோய்க் கப்பல்ல வச்சாரு. பாக்க வர்றவங்களுக்காக."

டீச்சர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் இரண்டு கப்பையும் சத்தம் வராமல் மேடையில் வைத்தார். அடுத்தவர் வீட்டுச் சாமான் என்கிற பதவிசோடு கொஞ்சம் உள்ளே தள்ளியும் வைத்தார்.

"திருடிட்டேன்னு உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டேனே மாஸ்டர்" என்றார். "நீங்களும் மன்னிச்சீங்களே."

டீச்சர் போனை எடுத்து எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது." இவர் போனை வாங்கி, "ஐயா" என்றார்.

"யாரு, மாஸ்டர் தம்பியா?" பெரியவரின் குரல் நடுங்கினாலும் சந்தோஷமாக இருந்தது. "நல்லா இருப்பீங்க தம்பி. எங்கப்பா கை பட்ட பொருளை நான் கண்ணால பாத்துட்டேன்."

சிலிண்டர் இல்லாமலே தீவில் எல்லோரையும்விட அதிக நேரம் மூச்சடக்குகிறவர் என் வீட்டுக்காரர். இந்தச் சமையலறையில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஐயா, அந்தக் கப்பு எங்க வீட்டுது. நான்தான் அங்க கொண்டுபோய் வச்சேன். உங்க மக மேல தப்பில்ல. என்னை நம்பி எடுத்துட்டாங்க."

அத்தை கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப எங்கப்பாவோடது ஒன்னுமே இல்லையா தம்பி, அங்க?"

"இருக்குங்கய்யா" என்றார் இவர். சொன்ன பிறகுதான் அவருக்கே ஞாபகம் வந்த மாதிரி இருந்தது. எனக்கும் அப்போதுதான் வந்தது. நானும் எத்தனையோ தரம் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். "சமையற்கட்டுல அடுப்பு இருக்கு. பெரிய இரும்பு அடுப்பு. கழட்ட முடியாதுன்னு எல்லாரும் விட்டுட்டுப் போயிட்டாங்க. பவளம் மூடிக் கிடக்கு. அது நாங்க வச்சது இல்லைங்கய்யா."

"அப்பா சமைச்ச அடுப்பா?"

"ஆமாங்கய்யா."

"அதை எம்பொண்ணு பாத்தாளா?"

அவர் டீச்சரை நிமிர்ந்து பார்த்தார். டீச்சர் இல்லை என்று தலையசைத்தார்.

"இல்லைங்கய்யா" என்றார். "நான் அதை மறைச்சுக்கிட்டு நின்னுதான் கப்பைக் காட்டினேன்."