தொண்ணூற்றொன்பது முட்டைகள்

இருபத்திரண்டு. இருபத்திமூன்று.

லிந்தாங்கின் கைகள் பறந்தன. கூடையிலிருந்து அவித்த முட்டை ஒன்று வெளியே, வெந்நீர்ச் சட்டியிலிருந்து பச்சை முட்டை ஒன்று உள்ளே. சட்டியில் கை பொறுக்கிற சூடுதான். பச்சை முட்டை சில்லென்று இருந்தால் தொட்டவுடனே காட்டிக்கொடுத்துவிடும். அதையும் யோசித்து வைத்திருந்தாள்.

குளியலறையில் குவளை குவளையாகத் தண்ணீர் விழும் சத்தம். பதினொன்று. பன்னிரண்டு. இந்த வீட்டு அம்மா கன்லயா பதினைந்து குவளைக்கு மேல் ஊற்றிக்கொள்வதில்லை. வந்திறங்கிய நாளிலிருந்து லிந்தாங் எண்ணிக்கொண்டு வருகிறாள்.

இருபத்தொன்பது. முப்பது.

கூடையின் மேலடுக்கு முடிந்தது. அடியில் இருக்கும் அறுபத்தொன்பதும் நன்றாக வெந்தவை. இருந்துவிட்டுப் போகட்டும், முதலில் கைக்கு வரப்போவது மேலே இருப்பதுதானே. வெளியே எடுத்த முப்பதையும் மேசைக்கு அடியிலிருந்த முட்டை அட்டைகளில் சொருகினாள். மஞ்சள் கருவில் நூல் இனிப்பு செய்து பெட்சபுரி சந்தையில் விற்கிற வீடு அது. இடுப்பு உயரத்துக்கு வாத்து முட்டை அடுக்கியிருக்கும். முப்பது கூடினாலும் குறைந்தாலும் ஒருவருக்கும் தெரியாது.

"இங்க என்ன பண்ற?"

பின்னால் பிம். கன்லயாவின் மகள். வயது பத்தொன்பது. ஈரத் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

லிந்தாங் திரும்பி, குழந்தை மாதிரிச் சிரித்தாள். கூடையைக் காட்டி, திக்கித் திக்கி, "முட்டை... ரொம்ப... அழகு" என்றாள்.

"அழகா? ஒரு மாசம் இந்த வீட்டுல இருந்து பாரு குட்டி. அப்புறம் வாத்தக் கண்டாலே வேற தெருவுல நடப்ப." பிம் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மேலே இருந்த முட்டை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் சூடு ஆறல. நல்லதுதான், சாமிக்குச் சூடா கொடுக்கலாம்."

போ. தூக்கிக்கொண்டு போ. உன் கையாலேயே கொண்டுபோய்க் கொடு.

பரிமாற்ற மாணவியாக லிந்தாங் தாய்லாந்தில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து ஆறாவது நாள் அது. வயது பதினாறு. சொந்த ஊர் இந்தோனேசியாவின் ஜாவாவில் மகெலாங். பத்து மாதம் இந்த வீட்டில் தங்கி, இங்குள்ள பள்ளியில் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவளுக்குப் பத்து மாதம் தேவைப்படவில்லை. ஒரு வாரம் போதும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே திட்டத்தில், இதே வீட்டுக்கு, அவளுடைய அக்கா வெனிங் வந்திருந்தாள். எட்டு மாதம் எல்லாம் சரியாக நடந்தது. அப்புறம் ஒருநாள் பிம் ஓட்டிய ஸ்கூட்டர் தோங் என்ற நூடுல்ஸ் வண்டிக்காரர் மேல் ஏறியது. பின்சீட்டில் வெனிங். பரிமாற்ற மாணவிகள் இருசக்கர வண்டியில் உட்காரவே கூடாது என்பது திட்டத்தின் விதி. ஓட்டியவள் வீட்டில் இருந்தாள். பின்னால் உட்கார்ந்தவளை விமானம் ஏற்றிவிட்டார்கள்.

"பிம் கையில போன வெச்சுக்கிட்டு ஓட்டினா. யார்கிட்டயும் அதச் சொல்லல. எனக்காக ஒரு வார்த்தை பேசல. அந்த அம்மா ஏர்போர்ட்டுக்குக்கூட வரல. ‘உன்னாலதான் என் பொண்ணு வாழ்க்கை போச்சு’ன்னு மட்டும் சொன்னாங்க." வெனிங் சொன்னது இவ்வளவுதான். சொன்னதும் ஒரே ஒரு தடவைதான்.

அந்த வாக்கியத்தை லிந்தாங் மறக்கவே இல்லை. யாரால் யார் வாழ்க்கை போனது? டாக்டருக்குப் படிக்க இருந்தவள் வெனிங். திரும்பி வந்த அவமானத்தில் அப்பா அவளோடு பேசுவதையே நிறுத்தினார். இப்போது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டிருக்கிறாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டாலே கடைக்குள் போய்விடுகிறாள்.

அக்காவின் கட்டிலுக்கு அடியில் தாய்லாந்து மொழிப் பாட நோட்டுகள் கிடந்தன. அந்த மொழியை அந்த நோட்டுகளிலிருந்தே லிந்தாங் வரி வரியாகக் கற்றாள். விண்ணப்பத்தில் ‘இனிப்புப் பலகாரம் செய்யும் குடும்பம், ஒரு அக்கா இருந்தால் நல்லது, பெட்சபுரி என்றால் மிகவும் மகிழ்ச்சி’ என்று எழுதினாள். ‘குடும்பத்தில் வேறு யாராவது இத்திட்டத்தில் சென்றதுண்டா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டாள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஜாவாக்காரர்களில் பாதிப் பேருக்கு ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர் கூட ஒட்டிக்கொண்டு வராது. வெனிங் யாரோ, லிந்தாங் யாரோ.

கிளம்புகிற அன்று வெனிங்குக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த வீட்டுக்கு மட்டும் போகாத. போனாலும் அவங்ககிட்ட எதையும் கேக்காத. என்மேல சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினாள். பொய்ச் சத்தியம்.

முதல் நாளே கன்லயா ஒரு வாணலியைக் காட்டி, "இது உனக்குன்னு தனியா வெச்சிருக்கேன் கண்ணு. பன்னிக் கறி பட்டதே இல்ல" என்றாள். வாணலி புதிது இல்லை. எண்ணெய் ஏறி, நன்றாகப் பழகி, கறுத்திருந்தது. இதில்தான் என் அக்காவுக்கும் சமைத்துப் போட்டிருப்பாய் என்று லிந்தாங் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

பிம் கல்லூரிக்குப் போகாமல் சந்தையில் இனிப்பு கட்டிக்கொண்டிருந்தாள். சோம்பேறி, படிப்பு ஏறியிருக்காது என்று லிந்தாங் முடிவு கட்டினாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் போதவில்லை.

மூன்றாம் நாள் வழி கிடைத்தது. இந்த வெளிநாட்டுக் குட்டிக்கு ஒன்றும் புரியாது என்ற தைரியத்தில், அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே அம்மாவும் மகளும் பேசினார்கள்.

"வியாழக்கிழமை தோங் மாமா ஆஸ்பத்திரியிலருந்து திரும்பி வந்த தேதிம்மா. முட்டை கொடுக்கணும்ல?" என்றாள் பிம்.

"மறப்பேனா? உண்மை வெளிய வராம இருந்தா வருஷா வருஷம் தொண்ணூத்தொம்பது முட்டை அவிச்சுத் தரேன்னு வாக்குக் கொடுத்தது. கொடுத்தது கொடுத்ததுதான்."

"இந்த வருஷமும் நானே தூக்கணுமா? எண்ணி முடிக்கறதுக்குள்ள இடுப்பு ஒடியுது."

"உன் கையாலதான் தரணும். நீ சம்பந்தப்பட்டது இல்லியா?"

லிந்தாங் நூல் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டு, "ருசி" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

உண்மை வெளியே வராமல் இருந்தால். அப்படியானால் போன் விஷயம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. அதற்குத்தான் சாமிக்கு முட்டை. நேர்ந்துகொண்டதை நேர்ந்துகொண்டபடியே கொடுக்க வேண்டும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. எண்ணிக்கை குறைந்தாலும் ஆபத்து, பொருள் மாறினாலும் ஆபத்து. அவித்து வைத்த முட்டை சாமி முன்னால் பச்சையாக உடைந்தால்? கூட்டத்துக்கு நடுவில், அதுவும் கால் போன தோங்கின் கண்ணெதிரே உடைந்தால்? பிம் தானாகவே கக்கிவிடுவாள். விமான நிலையத்தில் வெனிங் அழுத மாதிரி, நாலு பேர் வேடிக்கை பார்க்க அழ வேண்டும். அவ்வளவுதான் வேண்டும்.

குளித்துவிட்டு வந்த கன்லயா, லிந்தாங்கின் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள்.

"இது புதுசா கண்ணு? அழகா இருக்கு."

வெளிர்நீலத் துணி, ஓரத்தில் வெள்ளைப் பூ. அக்காவின் அலமாரியிலிருந்து எடுத்து வந்தது. இன்றைக்கென்று வைத்திருந்தாள். வெனிங்கும் வந்து பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று.

ஆற்றங்கரைச் சாமி கோயிலில் காலையிலேயே கூட்டம். வாசலை ஒட்டி தோங்கின் நூடுல்ஸ் வண்டி. வண்டியில் சாய்த்து வைத்த ஊன்றுகட்டை. தோங்குக்கு அறுபது வயதிருக்கும், இடது கால் முழங்காலோடு நின்றுவிட்டது.

"வந்தாச்சா முட்டைக் குடும்பம்? ஒத்தக் காலோட ஒரு வருஷம் தள்ளினதே இதுக்காகத்தான்" என்றார்.

"வாய் மட்டும் ரெண்டு காலோட ஓடுது உங்களுக்கு" என்றாள் பிம்.

"இது யாரு, புதுப் பொண்ணா?" தோங் லிந்தாங்கைப் பார்த்தார். சிரிக்க வந்தவர் ஏனோ பாதியில் நிறுத்திக்கொண்டார். வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பிம் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, சாமி முன்னால் வைத்தாள். கன்லயா ஒன்பது ஊதுவத்தி ஏற்றி முணுமுணுத்தாள். வத்தி எரிந்து இறங்கும்வரை சாமி சாப்பிடுகிற நேரம். யாரும் தொடக் கூடாது. லிந்தாங் தூணில் சாய்ந்துகொண்டு வத்தியையே பார்த்தாள். அவளுக்கு இந்தச் சாமி மேல் நம்பிக்கையும் இல்லை, பயமும் இல்லை. பயப்பட வேண்டியவர்கள் பயந்தால் போதும்.

கடைசிச் சாம்பல் விழுந்தது. கன்லயா கும்பிட்டு உத்தரவு கேட்டு, மேலே இருந்த முட்டையை எடுத்து, வழக்கப்படி முதலில் தோங்கிடம் கொடுத்தாள். தோங் அதை வண்டி விளிம்பில் தட்டினார்.

மஞ்சளும் வெள்ளையுமாக அவர் மணிக்கட்டு வழியே வழிந்து இறங்கியது.

"என்ன கன்லயா, அடுப்ப மூட்ட மறந்துட்டியா?"

பக்கத்தில் நின்ற பூக்காரி சிரித்தாள். கன்லயா சிரிக்கவில்லை. இன்னொரு முட்டையை எடுத்துத் தட்டினாள். அதுவும் பச்சை. மூன்றாவது அவள் விரல்களுக்கு இடையிலேயே நொறுங்கியது.

"நான் பாத்தேம்மா." பிம்மின் உதடு வெளுத்திருந்தது. "இருபது நிமிஷம் கொதிச்சுது. நானே எண்ணி எடுத்து வெச்சேன். சூடா இருந்துச்சு."

"சாமி ஏத்துக்கல" என்று யாரோ சொன்னார்கள். பூக்காரியின் சிரிப்பு நின்றது. ஆட்கள் சுற்றி நெருங்கினார்கள்.

இப்போது. லிந்தாங் பிம்மையே பார்த்தாள். இப்போது சொல். போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன் என்று சொல்.

விழுந்தது பிம் இல்லை. கன்லயாதான் மடங்கி, முட்டை வழிகிற கையோடு தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சு. பிம், போன் போடு. வெனிங்குக்குப் போன் போடு."

"மூணு வருஷமா அவ எடுக்கறதே இல்லியேம்மா."

"இன்னிக்கு எடுப்பா. போடு. அவ உசுரோட நல்லா இருக்காளான்னு மட்டும் கேளு."

தூணை விட்டு எப்படி முன்னால் வந்தாள் என்று லிந்தாங்குக்கே தெரியாது.

"வெனிங்குக்கு என்ன ஆகணும்? வேண்டிக்கிட்டது பிம் அக்காவுக்காகத்தானே?"

ஒரு எழுத்துக்கூடத் திக்கவில்லை. கன்லயாவுக்கு அதைக் கவனிக்கிற நிலைமை இல்லை.

"என் பொண்ணுக்காகவா? என் பொண்ணு நர்சு படிப்பையே விட்டுட்டு நிக்கறா. கேஸ் இருக்குன்னு சீட்டு தரமாட்டேன்னுட்டாங்க. கோவத்துல அந்தப் பொண்ணக் கண்டபடி பேசி அனுப்பிட்டேன். அப்புறம் மனசு கேக்கல. ஆளு தெரியாத ஊர்ல, ஊராம்பெத்த பொண்ணு, போலீஸ்ல மாட்டிக்காம அவ அம்மாகிட்டப் போய்ச் சேரணும், எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டதுதான் இந்த முட்டை. இப்ப பச்சையா உடையுதே, நான் என்ன பண்ணுவேன்..."

"அவ எதுக்குப் போலீஸ்ல மாட்டணும்?" லிந்தாங்கின் குரல் கீச்சிட்டது. "போனப் பாத்துக்கிட்டு ஓட்டி இடிச்சது பிம் அக்கா. அவ பின்னாலதான உக்காந்திருந்தா?"

பிம் மெல்லத் திரும்பினாள். லிந்தாங்கின் முகத்தை முதல்முறையாகப் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"இத உனக்கு யாரு சொன்னது?"

லிந்தாங் தலைத்துணியின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தோங் மணிக்கட்டில் வழிந்த மஞ்சளைத் துணியால் நிதானமாகத் துடைத்தார்.

"போலீஸ்காரன்கிட்ட நானும் அப்படித்தாம்மா எழுதிக் கொடுத்தேன். ஆஸ்பத்திரியில கன்லயா என் கட்டிலப் பிடிச்சுக்கிட்டு அழுதா, இந்தப் பிம் ‘நான்தான் ஓட்டினேன்’னு முந்திக்கிட்டு நின்னா. வேற என்ன எழுதறது?" துணியை வண்டியில் போட்டார். "ஆனா என்மேல ஏறினப்ப நான் நேருக்கு நேரா பாத்தேன். பின்னால உக்காந்து, பிரேக்கப் பிடி பிரேக்கப் பிடின்னு கத்தினது இதோ நிக்கறாளே, இந்தப் பிம். ஹேண்டிலப் பிடிச்சிருந்தவ தலையில துணி கட்டியிருந்தா. வெளிர்நீலம். ஓரத்துல வெள்ளைப் பூ."

அவர் கண் லிந்தாங்கின் நெற்றிக்கு மேலே போய் நின்றது.

"நீ கட்டியிருக்கியே, இதே துணி."