சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கிய சாமி

என் அப்பா ஒரு சாமியைத் தூக்கி அதன் இடத்தில் உட்கார வைத்தவர். ஆனால் அந்தச் சாமியின் முகத்தை அவர் பார்த்ததில்லை.

நான் பத்தாவது படித்த வருஷம் அது நடந்தது. சோழவரம் தாண்டி, ஜி.என்.டி. ரோட்டை விட்டு உள்ளே போனால் வரும் வயல்களுக்கு நடுவே பளிங்கில் ஒரு கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. ஜைனக் கோயில். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சேட்டு கோயில் என்பார்கள். அப்பா பாக்கியநாதன் அப்போது கும்மிடிப்பூண்டியில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கூரை மூடுவதற்கு முன்னால் மூலவரை மேல்வழியாக உள்ளே இறக்க வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டார்கள்.

சிலையைக் கம்பளியாலும் சணல் சாக்காலும் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கிரேன் சுவருக்கு வெளியே, பீடம் சுவருக்கு உள்ளே. சுவர்மேல் நின்ற ஆள் கையைக் காட்டக் காட்ட, தன் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் அப்பா அதை இறக்கினார். உள்ளே ஜனங்கள் ஒரே குரலில் கோஷம் போட்டதைக் கேட்டுத்தான் சாமி உட்கார்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டாராம். கொக்கியை மேலே ஏற்றிக்கொண்டு எண்ணூரில் இருந்த அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் இது தீராத கேலி. "மூட்டைய எறக்கிட்டு சாமிய வெச்சேன்னு சொல்லிக்கினு திரியறாரு. உள்ளார ஆட்டுக்கல்லு இருந்துச்சோ இன்னாவோ!" என்பாள் அம்மா. அப்பாவும் சிரிப்பார். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்வதாகச் சொல்வார். போனதில்லை. மூட்டைக்குள் இருந்த முகம் அவருக்குள் அப்படியே சுற்றிக் கட்டிக் கிடந்தது.

இந்த வருஷம் அம்மா அந்தக் கேலியை நிறுத்திவிட்டாள். சர்க்கரை அப்பாவின் கண்ணில் இறங்கிவிட்டது. பார்வையின் நடுவில் ஒரு புகை. எதிரே நிற்பவரின் தோள் தெரியும், கை தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகை இருக்கும். கிரேன் வேலை போயிற்று. உடம்பு பாதியாயிற்று. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், அதுவும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார் கண் டாக்டர். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கிறிஸ்டி, அந்த சேட்டு கோயிலுக்குள்ளார நம்மள உடுவாங்களா?"

"உடுவாங்க நைனா."

"உனுக்கு எப்டி தெரியும்?"

"தெரியும்."

எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் எல்லாவற்றையும் படித்துத் தீர்த்தேன். யார் வேண்டுமானாலும் போகலாம், போகிறவர் மரியாதை தெரிந்தவராக இருக்க வேண்டும். தோலால் செய்த பொருள் கூடாது. தின்பண்டம் கூடாது. உள்ளே படம் எடுக்கக் கூடாது. கை கால் கழுவ வேண்டும், சாமிக்கு முதுகு காட்டித் திரும்பக் கூடாது, மாதவிலக்கு நாளில் பெண்கள் போகக் கூடாது. கம்பெனியில் பாகங்களைச் சோதிக்கும் வேலையில் ஒரு மில்லிமீட்டர் பிசகிய பாகத்தைக்கூட ஒதுக்கி வைக்கிறவள் நான். இதில் தவறுவேனா?

புதன்கிழமை எனக்கு லீவு. நாஷ்டா முடிந்ததும் அப்பாவை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். அவருடைய தோல் செருப்பை வீட்டிலேயே கழற்றச் சொல்லி ரப்பர் செருப்பு கொடுத்திருந்தேன். மணிபர்ஸை அம்மாவிடம் கொடுத்தாயிற்று. சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாயிற்று. "ஏர்போர்ட்ல கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க" என்றார் அப்பா, ஏர்போர்ட்டைப் பார்க்காமலே.

கோயில் வாசலில் வாட்ச்மேன் சுப்பிரமணி எங்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அவர் பார்வை அப்பாவின் இடுப்பில் நின்றது.

"பெல்ட்டு."

எனக்கு முகம் சூடாயிற்று. கறுப்புத் தோல் பெல்ட். அதன் பழைய துளைகள் போதாமல் ஆணியை வைத்துப் புதுசாக ஒரு துளை போட்டதே நான்தான்.

"அத்த கழட்டிட்டா பேண்ட்டு நிக்காதுபா" என்றார் அப்பா.

"ஒரு கைல புடிச்சிக்கினு போ" என்றார் சுப்பிரமணி.

"அப்ப கும்புடறது?"

"ஒத்தக் கையால சலாம் போடு, இன்னா இப்போ?" என்று சொல்லிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஒரு காருக்கு கேட்டைத் திறக்கச் சுப்பிரமணி ஓடினார்.

அப்பா பெல்ட்டை உருவினார். பேண்ட் உடனே இறங்கத் தொடங்கியது. அவர் அதைப் பிடித்த வேகத்தில் என் பயம் சிரிப்பாக மாறிவிட்டது. அப்போதுதான் செருப்பு வைக்கும் இடத்துக்கு எதிரே, கதவு திறந்திருந்த ஓர் அறையில், அலமாரி நிறைய மடித்து வைத்த துணிகளைப் பார்த்தேன். வெள்ளையிலும் சந்தன நிறத்திலும் வேட்டிகள், மேல்துண்டுகள். உடை சரியில்லாமல் வருகிறவர்களுக்கு வேட்டி கொடுக்கிற கோயில்கள் உண்டு. இதுவும் அதற்குத்தான் என்று ஒரு நொடியில் முடிவு செய்தேன்.

"இத கட்டிக்க நைனா."

"கேக்க வேணாமா?"

"நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் வெச்சிருக்காங்க. சட்டையையும் கழட்டிடு. மேல துண்டு போட்டுக்க."

அறைக்குள் போய்ச் சந்தன நிற வேட்டியும் துண்டுமாக அப்பா வெளியே வந்தார். மெலிந்த பிறகு முதல்முறையாக அவர் அழகாக இருந்தார். கை கால் கழுவிக்கொண்டு படியேறினோம்.

உள்ளே பளிங்கு காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தூண்கள் ஒவ்வொன்றிலும் யாரோ பல நாள் உட்கார்ந்து செதுக்கிய நடனப் பெண்கள். வெளியே லாரிகள் ஓடுகிற உலகம் ஒன்று இருக்கிறது என்பதற்கு அங்கே ஓர் அத்தாட்சியும் இல்லை. கருவறைக்கு முன்னால் ஒரு வெள்ளித் தடுப்பு. அதற்கு அப்பால், கொஞ்சம் உயரத்தில், மூலவர் சாந்திநாதர் உட்கார்ந்திருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெரிய ஸ்படிகக் கண்கள், விரிந்த தோள், மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள்.

அப்பா தலையை இந்தப் பக்கம் சாய்த்தார். அந்தப் பக்கம் சாய்த்தார்.

"வெள்ளையா தெரியுது" என்றார். "லைட்டா?"

"இல்ல நைனா. அதான் சாமி."

"கை தெரியுது. முட்டி தெரியுது." மறுபடி தலையைச் சாய்த்தார். "நேராத்தான் ஒக்காந்துக்கினு இருக்காரு. அது போதும்."

அது போதாது என்று எனக்குத் தெரியும். அவ்வளவு தூரத்தில் அந்த முகம் முழுவதும் புகைக்குள் அடங்கிவிட்டது. இன்னும் ஐந்தாறு அடி கிட்டே போனால் முகம் புகையைவிடப் பெரிதாகிவிடும். ஆனால் தடுப்புக்கு அந்தப் பக்கம் வேட்டி துண்டோடு வாயில் வெள்ளைத் துணி கட்டிய சிலர்தான் இருந்தார்கள்.

"அண்ணா, இன்னா அங்கியே நின்னுட்டீங்க? வாங்க, வாங்க!"

கூப்பிட்டவரும் அதே மாதிரி வேட்டியில் இருந்தார். பொன்னேரியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் லலித்குமார் என்று பிறகு தெரிந்தது. மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம். பேச்சு எங்கள் தெருப் பேச்சு. ஒரு கையில் சந்தனக் கிண்ணம் வைத்த தட்டும், இன்னொரு கையில் மடித்த வெள்ளைத் துணியுமாக அவர் அப்பாவுக்கு எதிரே வந்து நின்றார். "இத வாயில கட்டிக்கினு உள்ள வாங்க. சந்தனம் நெறைய இருக்கு. சாமிக்கு வெச்சிடலாம்."

அப்பாவின் கை தானாக நீண்டது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தேன். அதே கணத்தில் தடுப்புக்கு அப்பால் இருந்தவர்களையும் பார்த்தேன். எல்லோருக்கும் அதே வேட்டி, அதே துண்டு. சிலருடைய தலைமுடி இன்னும் ஈரம். நான் எடுத்துக் கொடுத்தது விருந்தாளிக்கான துணி இல்லை; குளித்துச் சுத்தமாகிச் சாமியைத் தொடப் போகிறவர்கள் கட்டும் துணி.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்பா உள்ளே போவார், பார்ப்பார், வருவார். யாருக்கும் தெரியப் போவதில்லை.

"அண்ணா, இருங்க" என்றேன். "நாங்க சுத்திப் பாக்க வந்தவங்க. இது பூஜைத் துணின்னு தெரியாம நான்தான் எடுத்துக் குடுத்துட்டேன். இவரு இங்க குளிக்கல."

லலித்குமார் சட்டென்று ஓர் அடி பின்னால் போனார். "அய்யய்யே! இன்னாமா நீ? ஒரு வார்த்தை கேக்க மாட்டியா? அத்தினி துணியும் சுத்தமா தொவைச்சு வெச்சிருக்கோம், வெளித் துணி படாம..."

"தப்புதான். இந்தத் துணிய நானே தொவைச்சுத் தரேன்."

"அது வேணாம். அதுக்கு ஆள் இருக்காங்க." அவருக்குக் கோபம் அடங்கவில்லை.

அப்பா துண்டை இறுக்கிப் போர்த்திக்கொண்டார். "போலாம் கிறிஸ்டி. கை கால் பாத்துட்டேன் இல்ல."

நான் நகரவில்லை. "அண்ணா, ஒண்ணு கேக்கறேன். இவரு கிட்ட போய்ப் பாக்கணும்னா இன்னா பண்ணணும்?"

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. "குளிக்கணும்."

"குளிச்சிட்டு?"

"வேற துணி கட்டணும். வாயைக் கட்டணும், நம்ம மூச்சு சாமிமேல படக் கூடாது. உள்ளார பேசக் கூடாது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்." கொஞ்சம் யோசித்தார். "நீங்க யாரு, எந்த ஊரு?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க" என்றார் அப்பா. மறைத்து வைக்கிற மாதிரி இல்லாமல், பெயரைச் சொல்கிற மாதிரி சொன்னார். "கும்புட வரல. பாக்கத்தான் வந்தேன். இந்தச் சாமிய கிரேன்ல எறக்கினது நானு. அப்ப மூட்டை கட்டி இருந்துச்சு. மூஞ்சிய பாக்கல. இப்ப எனக்குக் கண்ணு போய்க்கினு இருக்கு."

லலித்குமார் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "அன்னிக்கு நான் ஊர்ல இல்ல. எறக்கினீங்களோ இல்லியோ, அது எனக்குத் தெரியாது. அதுக்காக உள்ள உட முடியாது."

"நியாயந்தான்."

"குளிச்சா உடுவேன். அந்தக் கோடில பாத்ரூம். வெந்நீர் வருது."

"காலைலதான் ஊட்டுல குளிச்சிட்டு வந்தேன்."

"அது ஊட்டுக் குளியல் அண்ணா. இது இவருக்கு." கருவறைப் பக்கம் தலையை ஆட்டினார். "சாந்திநாதர்."

"நான் பாக்கியநாதன்" என்றார் அப்பா. "சொந்தக்காரங்கதான்."

லலித்குமார் சிரித்துவிட்டார். அவரே போய்ப் புதுத் துணி எடுத்து, தரையில் படாமல் ஏந்திக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் நடந்தார். "சந்தனம் வெக்கறதும் வெக்காததும் உங்க இஷ்டம். தொடாம நின்னுக்கூடப் பாருங்க. வேற எதையும் தொட்டுடாதீங்க, திரும்பக் குளிக்க வெச்சிடுவேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே போனது கேட்டது.

நான் தூணோரம் உட்கார்ந்தேன். மறுபடி வந்த அப்பாவின் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மூக்கையும் வாயையும் மூடி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கண்கள் மட்டும்தான் தெரிந்தன. இரண்டு கைகளையும் எதிலும் படாமல் முன்னால் நீட்டியபடி, அவர் வெள்ளித் தடுப்பைத் தாண்டினார்.

அவர் சந்தனம் எடுக்கவில்லை. ஒரு கை தூரத்தில் நின்றார். கழுத்தை ஒருபக்கமாகத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் மேலே பார்த்தார். பிறகு கொஞ்சம் கீழே. பிறகு மறுபக்கம். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் நீண்ட வாக்கியம் ஒன்றைப் படிப்பதுபோல் அந்த முகத்தைத் துண்டு துண்டாக அவர் பார்த்துக்கொண்டு போவது முதுகிலிருந்தே எனக்குப் புரிந்தது. நெற்றியில் நின்றார். இடது கண்ணில் வெகுநேரம் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு வயதான அம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து காத்திருந்தார். அப்பா திரும்பிப் பார்த்தார். சாமிக்கு முதுகு காட்டாமல், பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார்.

வாய்த்துணியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டார்.

"இன்னா நைனா, பாத்தியா?"

"பாத்தேன்." மூச்சு வாங்கியது. "கண்ணு வெச்சிருக்காங்க கிறிஸ்டி. இம்மாம் பெருசு. அன்னிக்கு மூட்டைக்குள்ள கண்ணு இருந்துச்சோ இல்லியோ. நெத்தியில ஒரு கல்லு மின்னுது. புருவம் சும்மா வில்லாட்டம் இருக்கு. மூக்கு நல்ல நேர் மூக்கு."

"அப்புறம்?"

"மூக்கு வரைக்கும்தான் வந்தேன். அந்தம்மா நின்னுக்கினு இருந்தாங்க, நவுந்துட்டேன்."

"சிரிக்கிறாரா, இல்லியா?"

"அதான் தெரியல."

நான் சொல்லியிருக்கலாம். நான் பார்த்திருந்தேன், அந்த உதடுகளில் இருந்ததற்கு என்ன பெயர் வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. துணியை மறுபடி மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, தடுப்புக்கு முன்னால் காத்திருந்தவர்களுக்குப் பின்னால் போய்க் கடைசியில் நின்றார்.

லலித்குமார் அவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "அண்ணா, உள்ள போய்ட்டு வந்தாச்சே?"

அப்பா ஒரு விரலால் துணிக்கு மேலேயே தன் வாயைத் தொட்டுக் காட்டினார். லலித்குமாருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"வாய் இன்னும் பாக்கலியாம்" என்றேன்.

அவர் சந்தனத் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, வரிசைக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றார்.

"வரட்டும்" என்றார்.