புள்ளிக்கு அப்பால்

அறிவு இருந்திருந்தா நான் அன்னிக்கு வாய மூடிகினு இருந்திருப்பேன்.

காசிமேட்டுல போட்டுக்காரங்க சங்கத்துக்கு புரோகிராம் எழுதிக் குடுத்தது நான்தான், ஹெப்சிபா. நடுக்கடல்ல ஆபத்துன்னா போட்டுல ஒரு பட்டன அமுக்கணும். போட்டு கீற எடம் அட்சரேகை, தீர்க்கரேகையா சேட்டிலைட் வழியா எழுத்தா வரும். அந்த எழுத்த நம்பரா மாத்தி சங்கத்து ஸ்க்ரீன்ல காட்டறதுதான் என் புரோகிராமோட வேலை. துறைமுகத்துல வெச்சு சோதிச்சப்போ 13, 80ன்னு காட்டுச்சு. மெட்ராஸ் அங்கதான கீது? எல்லாரும் கைதட்டுனாங்க.

ஐப்பசில ஒரு செவ்வாக்கெழம, காத்தும் மழையும். காலைல ஒம்போது மணிக்கு கடலுக்குப் போயிருந்த எங்க அண்ணன் ஜெரால்ட் பட்டன அமுக்கிச்சு. ஸ்க்ரீன்ல 13, 81.

வயர்லெஸ் பாக்கற தாவூது பாய் மட்டும் மூஞ்ச சுளிச்சாரு. "இன்னாமா, புள்ளியே இல்லாம மொட்டையா கீது?"

"கம்ப்யூட்டர் படிச்சது நீயா நானா பாய்? சும்மா பேஜார் பண்ணாத!"

தேடப் போன கப்பலுக்கு அந்த எடத்தையே சொன்னோம். சாயந்தரத்துக்குள்ள பதினோரு தடவ சேதி வந்துச்சு. பதினோரு தடவையும் 13, 81. அண்ணி ஷிஜி என் கையப் புடிச்சிகினு அழுதுச்சு. "அழாத அண்ணி, அண்ணன் நின்ன எடத்துலயே கீது. இப்போ தூக்கிடுவாங்க"ன்னேன். அப்றம் சேதியே வரல. அங்க யாருமே இல்லன்னு கப்பல்லேர்ந்து சொன்னாங்க.

அப்போதான் சேட்டிலைட்லேர்ந்து வந்த எழுத்தத் தொறந்து பாத்தேன். மொதல்ல 13.92, 81.85. அடுத்தது 13.91, 81.83. பதினொண்ணும் வேற வேற. போட்ட கடல் இழுத்துகினு போயிருக்குது. என் புரோகிராம் எழுத்த முழு எண்ணா மாத்தறப்போ புள்ளிக்கு அப்பால இருந்தத எல்லாம் வெட்டிப் போட்டுருக்குது. ஒரு எரர்கூட காட்டல, பாவி. எங்க அண்ணன் கெடந்த எடத்துக்கு நூத்தி முப்பது கிலோமீட்டர் தள்ளி தேடிகினு இருந்திருக்காங்க.

புரோகிராம்ல மாத்த வேண்டியது ஒரே ஒரு வார்த்த. மாத்துனேன். மறுநாள் சரியான எடத்துக்குப் போனாங்க. ஐஸ் பெட்டி மூடி மட்டும் மெதந்துகினு இருந்துச்சாம்.

தாவூது பாய் எனக்கு டீ வாங்கியாந்து குடுத்தாரு. திட்டிருந்தா தேவலாம்.

அண்ணி தெனமும் சங்கத்துக்கு வந்து ஸ்க்ரீன் முன்னாடி ஒக்காருது. கடைசி சேதி இன்னும் அப்டியே கீது, இப்போ புள்ளியோட.

"ஹெப்சி, இன்னும் அங்கயேதான கீறாரு?"ன்னு கேக்குது. "நின்ன எடத்துலயே கீறாருன்னு நீதான சொன்ன?"