தலைகீழா, முன்பே போட்டதா

அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு. திரையில் வரும் எச்சரிக்கைகளை மற்றவர்கள் ஈ விரட்டுவதுபோல விரட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவாள். அப்படிப் படிக்காதவர்களை மனிதர்களாகவே மதிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

முதியோர் இல்லங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டும் அழைப்புப் பெட்டிகளைச் செய்கிற சின்ன நிறுவனம் அது. பொத்தானை அமுக்கினால் செவிலியர் அறையில் மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பெட்டியின் பிறவிப் பயன். ஆனால் அந்த ஒரு மணிக்குப் பின்னால் முழு இயங்குதளம் ஒன்று ஓடுகிறது. அதன் மூல நிரலை எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதுகிறார்கள், ஓயாமல் திருத்தவும் செய்கிறார்கள். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் புதிதாக இறக்கினால், நிறுவனம் தன் பெட்டிக்காகச் செய்துவைத்த மாற்றங்கள் அடிபட்டுப் போகும். அதனால் போன பதிப்புக்கும் இந்தப் பதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சிறு கோப்பாக வாங்கி, இருக்கிற நிரலின்மேல் ஒட்டுப் போடுவார்கள். பேட்ச் என்று பெயர். அதை வரிசை தவறாமல் போட வேண்டும். ஐந்தாவதைப் போடாமல் ஆறாவதுக்குப் போகக் கூடாது.

கோப்புகளை இறக்கி, தங்களுக்கு வேண்டாத பகுதிகளைக் கழித்து, தயாராக வைப்பது அவளுடைய கொழுந்தனின் வேலை. அதை நிரலில் போடுவது அவள் வேலை. வீட்டில் அவனைச் சின்னவன் என்பார்கள். தலை நரைக்கத் தொடங்கியும் அந்தப் பெயர் அவனை விடவில்லை. இரண்டு வேலைகளில் ஒட்டாமல் வெளியே வந்தவனை, அவள்தான் மேலாளரிடம் சொல்லி இங்கே சேர்த்துவிட்டாள். அன்றிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. சாவியைத் தொலைப்பான். கூட்டத்துக்குக் கடைசி ஆளாக வந்து ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிப்பான். அவன் வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரம் செய்வதா, அனுப்பிவிடுவதா என்று மேலாளர் முடிவெடுக்க வேண்டிய மாதத்தில்தான் அந்த ஃபோன் வந்தது.

பேசியது ஒரு முதியோர் இல்லத்தின் தலைமைச் செவிலி. மேலாளர் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்காங்க சார், மணியே அடிக்கல. நாங்க சாப்பாடு எடுத்துட்டுப் போனப்பதான் பார்க்கிறோம், படுக்கையெல்லாம் நனைஞ்சு கிடக்கு. அந்தம்மா சுவர் பக்கம் திரும்பிக்கிட்டு, 'நான் அமுக்கினேம்மா, நான் அப்படிப்பட்டவ இல்லம்மா'ன்னு சொன்னதையே சொல்லிட்டு இருக்காங்க. காலேஜ்ல பாடம் நடத்தினவங்க சார். எங்களாலயே பார்க்க முடியல."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவள் நிரலைத் திறந்தாள். வெகுநேரம் தொடாமல் இருந்தால் பேட்டரியைச் சேமிக்க அந்தப் பெட்டி தூங்கப் போகும். அப்படித் தூங்கிய பெட்டியைப் பொத்தான் சில சமயம் எழுப்பாது. ஆறாவது பேட்ச் வந்ததே அதைச் சரிசெய்யத்தான். அலுவலகத்துச் சோதனை மேசையில் எப்போதும் யாராவது பெட்டியை நோண்டிக்கொண்டே இருப்பதால், அங்கே அது தூங்கவே வழியில்லை. போன வாரம் எல்லா இல்லங்களுக்கும் அனுப்பிய பதிப்பில் அந்தத் திருத்தம் இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த வரிகளே இல்லை.

போன வாரம் மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை என்று அவள் விடுப்பில் இருந்தபோது சின்னவன் ஃபோன் செய்திருந்தான். "அண்ணி, ஆறாவதை நான் பார்த்துட்டேன். நீங்க அம்மாவைப் பாருங்க." மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்த அவள் சரி சரி என்று வைத்துவிட்டாள்.

இப்போது நாற்காலியைத் திருப்பினாள்.

"பார்த்துட்டேன்னு சொன்னியே. பார்த்தா மட்டும் போதுமா? போட வேண்டாமா?"

"போட்டேன் அண்ணி."

"போட்டது எங்க போகும்? கால் முளைச்சு எழுந்து போயிடுச்சா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தது.

"என் முகத்துக்காகத்தான் உன்னை இங்க வச்சிருக்காங்க. அதுலயும் கரியைப் பூசிட்டே. ஒரு வயசானவங்க அசிங்கப்பட்டுப் படுத்திருக்காங்க, உன் லட்சணத்தால."

சின்னவன் ஜோக் எதுவும் சொல்லவில்லை. திரையை எட்டிப் பார்த்தான். "போட்டேன்னுதான் நெனைச்சேன்" என்றான். போட்டேன் என்பது அதற்குள் நெனைச்சேன் ஆகிவிட்டது. மேலாளர், "தம்பி, திங்கட்கிழமை பேசிக்கலாம்" என்றார். அவர் யாரிடமாவது அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

அவன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அவள் ஆறாவது பேட்சை எடுத்து நிரலில் போட்டாள். முணுமுணுக்காமல் போய் உட்கார்ந்தது.

அங்கேதான் அவள் கை நின்றது.

கோபத்தில் மறந்தே போனது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. விடுப்பு முடிந்து வந்த அன்று, பார்த்துட்டேன் என்றால் கோப்பைத் தயார் செய்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு அவளே இதைப் போட்டபோது, இப்படிச் சும்மா போகவில்லை. திரை ஒரு கேள்வி கேட்டது. இந்த ஒட்டு தலைகீழாக இருக்கிறது, அல்லது முன்பே போடப்பட்டிருக்கிறது, திருப்பிப் போடட்டுமா? அவள் ஆம் என்று அமுக்கியிருந்தாள்.

மனசு கேட்காமல், இப்போது போட்டதையே இன்னொரு முறை போட்டுப் பார்த்தாள். அதே கேள்வி வந்தது. அந்த வரிகள் ஏற்கெனவே உள்ளே இருந்தால்தான் இந்தக் கேள்வி வரும். சின்னவன் போடாமல் இருந்திருந்தால் அன்று அது வாயையே திறந்திருக்காது. அவன் போட்டிருக்கிறான். ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறான். திருப்பிப் போட்டால் சேர்த்த வரிகள் கழிந்துவிடும்; அப்படிப் போடு என்று சொல்லி, அவன் ஒட்டியதை உரித்து எடுத்தது அவள். ஏழாவதைப் போட்டபோதுகூட, அடியில் ஆறாவது இல்லாததால் பதிப்பு எண் வரி மட்டும் பொருந்தாமல் முரண்டு பிடித்தது. இவன் வேலை எப்பவும் இப்படித்தான் என்று முனகிக்கொண்டே அதைக் கையால் திருத்தியிருந்தாள்.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கால் முளைச்சு என்று எவ்வளவு வாகாகக் கேட்டாள்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அமுக்கினேன் என்று அந்த அம்மா சொன்னதும் உண்மை, போட்டேன் என்று அவன் சொன்னதும் உண்மை. இரண்டு பேரையும் தலைகுனிய வைத்துவிட்டு, அவள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருந்துவிடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே கேவலமாக இருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே மேலாளரிடம் போனாள்.

"சார், தப்பு என்னோடது. அவன் போட்டிருக்கான். நான்தான்..." என்றவள் அவர் மேசைமேல் இருந்த காகிதங்களைப் பார்த்தாள். பிறகு, "அவசரத்துல கேள்வியைச் சரியா பார்க்காம ஆம்னு அமுக்கிட்டேன்" என்றாள்.

மேலாளருக்கு அப்பாடா என்றிருந்தது. அவசரம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்த நோய். "வீட்ல ஆபரேஷன் அது இதுன்னு அலைஞ்சீங்க. மனுஷங்கதானே மேடம்." அதோடு விடாமல் எல்லோரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார். தம்பிமேல் தப்பில்லை, அவர் வேலை நிரந்தரம் என்றார். தானாக வந்து ஒப்புக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று அவளையும் புகழ்ந்தார். கைதட்டினார்கள். காலையில் சிரித்த ஆளும் தட்டினான். செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

திருத்திய பதிப்பு மாலைக்குள் எல்லா இல்லங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தச் செவிலியை அவளே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அந்தம்மாகிட்ட சொல்லிடுறேன் என்றார் அவர்.

வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் சின்னவன் பழையபடி கலகலப்பாக இருந்தான். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சு அண்ணி. போட்டோமா, போட்ட மாதிரி கனவு கண்டோமான்னு." அவனே சிரித்துக்கொண்டான். அவள் மன்னிச்சிடு என்றாள். "அட விடுங்க. யாருக்குத்தான் கை தவறாது" என்றவன், ஏதோ நினைவுக்கு வந்தவன்போல அவள் பக்கம் திரும்பினான்.

"ஆனா நீங்க படிக்காம அமுக்க மாட்டீங்களே."

வேண்டுமென்றே கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அவசரம் என்று இன்னொரு முறை சொன்னால் கதை முடிந்துவிடும். இன்று ஏற்கெனவே ஒரு முறை சொல்லியாகிவிட்டது, இவனிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"படிச்சேன்."

"படிச்சுமா?"

"ரெண்டு தடவை படிச்சேன். தலைகீழா இருக்கு, இல்லன்னா முன்னாடியே போட்டாச்சுன்னு இருந்துச்சு. நீ பழசையும் புதுசையும் மாத்தி வச்சு, கோப்பைத் தலைகீழா பண்ணியிருப்பேன்னு நெனைச்சேன்." பேருந்து வரும் பக்கம் பார்த்துக்கொண்டாள். "நீ முன்னாடியே போட்டு முடிச்சிருப்பேன்னு எனக்குத் தோணவே இல்ல."

சின்னவன் பையின் வாரைச் சரிசெய்தான். சரியாக இருந்ததை மறுபடியும் சரிசெய்தான். சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"அவசரத்துல அமுக்கினதாவே இருக்கட்டும் அண்ணி. வீட்லயும் அப்படியே சொல்லுங்க. அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அது போதும்."

பேருந்து வந்தது. அவளை முதலில் ஏறச் சொல்லி வழிவிட்டான். அவள் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும், அவன் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.