கரடி எழுதாத அறை

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருக்கிற ஆளிடம்தான் அவர் மனம்விட்டுப் பேசுவார். அவர்கள்தான் குறுக்கே பேச மாட்டார்கள். பேச்சு முழுக்கப் பழைய காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு. அதில் படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெறும் எழுத்து. 'நீங்கள் இருட்டறையில் நிற்கிறீர்கள்' என்று திரை சொல்லும். 'விளக்கை ஏற்று' என்று நாம் தட்ட வேண்டும். 'எந்த விளக்கை?' என்று அது எரிந்து விழும். இதற்குக் கம்ப்யூட்டர் எதற்கு? நான் இருக்கிறேனே.

பூஞ்சை பிடித்த ஃப்ளாப்பிகளைத் தேடிப் பிடித்து, துடைத்து, உள்ளே இருப்பதை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட வைக்க ஒரு சங்கமே இருக்கிறது. இவரையும் சேர்த்து மொத்தம் ஒன்பது பேர். ஒரு காற்புள்ளி மூலத்தில் இருந்ததா இல்லையா என்ற தகராறில் பாதிப் பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. அவர்கள் காப்பாற்றியதிலேயே ஒசத்தி 'உப்பு மாளிகை' என்ற விளையாட்டு. அதன் கடைசி அறையில் ஒரு நீலக் கதவு. அது யாருக்கும் திறந்ததில்லை. சாவி போட்டு, உடைத்து, கெஞ்சி, பாட்டுகூடப் பாடிப் பார்த்துவிட்டார்கள். எழுதியவரைக் கேட்கலாமென்றால், 'ஆக்கம்: கரடி' என்று மட்டும் இருக்கும். கரடி செத்துவிட்டார் என்று ஒரு கட்சி, சாமியாராகிவிட்டார் என்று இன்னொரு கட்சி.

அந்தக் கரடியே ஒரு நாள் கடைவாய்ப் பல் வலியோடு எங்கள் கிளினிக்குக்கு வந்தார். திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர் என்று குறித்துக்கொண்டு நான்தான் உள்ளே அனுப்பினேன். அவர்தான் கரடி என்று அப்போது யாருக்குத் தெரியும்?

இவர் பல்லைக் குடைந்துகொண்டே நீலக் கதவைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். "அது கதவே இல்ல சார். மரணம்."

"ஆ... ஆ..."

"வலிக்குதா?" என்று இன்னொரு ஊசி போட்டார். அந்த மனிதர் வாயிலிருந்த பஞ்சைத் தானே பிடுங்கி எறிந்தார்.

"டாத்தர், அது நா எயுதுனது!"

உள்ளே ஏதோ தரையில் விழுந்த சத்தம் கேட்டு ஓடினேன்.

"கரடியா? நீங்களா சார்?"

"காலேஜ்ல அப்படித்தான் கூப்பிதுவாங்க."

"அந்தக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுவரைக்கும்தான் எயுதினேன். அதுக்குள்ள கல்யாணம் ஆயிதுச்சு."

எனக்கென்னவோ மரணம் என்ற விளக்கமும் ரொம்பத் தப்பாகப் படவில்லை. இவர் முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை. கரடிக்கே மனசு கேட்கவில்லை. கடையில் ஆள் வராத நேரமெல்லாம் உட்கார்ந்து, அந்தக் கதவுக்குப் பின்னால் ஓர் அறையை எழுதி, பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்தார். இவர் உடனே சங்கத்துக்கு அனுப்பினார்.

அன்றைக்குத்தான் அந்த ஒன்பது பேரும் முதல்தடவை ஒரே மனதாக ஒரு முடிவு எடுத்தார்கள்: இது இடைச்செருகல், ஏற்க முடியாது. 'கரடியின் நடையே இது இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"நீங்களுமா வேண்டாம்னு ஓட்டுப் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அடுத்த தடவை வந்த கரடி, இவர் திருப்பிக் கொடுத்த பென் டிரைவோடு வரவேற்பில் என் எதிரே சுருங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். "நான் செத்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பாங்களோ, என்னமோம்மா" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "குடுங்கண்ணே, நான் ஆடிப் பாக்கறேன்" என்று என் கம்ப்யூட்டரிலேயே ஓட விட்டேன். கதவுக்குப் பின்னால் ஒரு கிணறு, ஒரு கயிறு, வாயாடிக் கிளி ஒன்று. எது கேட்டாலும் கிளி என்னைத் திட்டியது. நானும் விடவில்லை.

கொஞ்ச நேரத்தில் முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். கையுறையோடு இவர்.

"கயித்தக் கிளி கால்ல கட்டிப் பாரேன்."

"உங்க கொள்கையப் போய்ப் பாருங்க."

அவர் போகவில்லை. கரடியிடம் திரும்பி, கையுறையைக் கழற்றியபடி, "தப்புத்தான் சார். மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பிறகு, "அந்தக் கயித்த என்னதான் பண்றது?"

கரடி காலை நீட்டிச் சாய்ந்துகொண்டார். "சொல்ல மாட்டேன் டாக்டர்," என்றார். "தேடுங்க."