போணிக்கு முன்னால்

கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டுமென்று அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. கோட்டாற்றில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பொன்னுலிங்கம் அண்ணாச்சியும் ஸ்டூல் வாங்கிப் போட்டார். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே!

"போணி ஆகாம பொம்பளைய ஸ்டூல்ல இருந்தா அன்னைக்கு யாவாரம் படுத்துரும் மக்கா" என்றுவிட்டார்.

வேட்டிப் பிரிவு அனில்குமார் மட்டும் கடை திறந்ததுமே மெத்தையில் சம்மணம் போட்டுவிடுவான். அவன் உட்கார்ந்தால் வியாபாரம் படுக்காதாம். சேலைப் பிரிவு சபிதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதக் கர்ப்பம். வீங்கிய காலில் செருப்பு வார் பதிந்து கிடந்தது. கூட்டமில்லாத காலைநேரம்தான் உட்காரத் தோது. அதைப் போணி தின்றுவிடும். போணி ஆனபிறகோ கூட்டம். கூட்டத்தில் எவள் உட்காருவாள்?

"அண்ணாச்சி, சட்டம் வந்தாச்சுல்லா?"

"அதுக்குத்தான ஸ்டூல் போட்டிருக்கு. இருக்காதன்னா சொன்னேன்? போணி ஆவட்டும்."

இந்த மனுஷனிடம் பேசுவதற்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

மறுநாள் அண்ணாச்சி சாம்பிராணி காட்டிவிட்டு, செல்போனும் கையுமாகக் கல்லாவில் உட்கார்ந்தார். சபிதா விற்பனைக்கு வைத்திருந்த ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொண்டு ஐம்பது ரூபாயை நீட்டினாள். போனிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கியவர், பழக்கதோஷத்தில் நோட்டைக் கண்களில் ஒற்றிக் கல்லாவில் போட்டார்.

"போணி ஆயாச்சு அண்ணாச்சி" என்று சபிதா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அனில்குமார் சிரித்துவிட்டான். அண்ணாச்சியின் முகம் கறுத்தது. கண்ணில் ஒற்றிய போணியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அது அதைவிடத் தரித்திரம்.

"ஏட்டி, எனக்க கடையில வச்சு என்னையே கோட்டி ஆக்குதியா? நாளையிலேருந்து நீ குடோனுக்குப் போ. அங்க ஸ்டூலும் கெடையாது, போணியும் கெடையாது."

"குடோனுக்கும் அந்தச் சட்டம் உண்டு. நாளைக்கு அங்க வந்து ஸ்டூல் கேக்கேன். இன்னைக்கு என்னால எழும்ப முடியாது."

சபிதா எழும்பவில்லை. இனி எல்லோரும் உட்காரலாமே என்று பக்கத்தில் பார்த்தாள். பதினைந்து வருடமாக அங்கே நிற்கிற செல்லக்கனி, தன் ஸ்டூலைத் தொடாமல் அலமாரியில் சாய்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"போணி ஆயாச்சுல்லா அக்கா. இருங்க."

செல்லக்கனி கல்லாப் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"வேண்டாம் மக்கா. எனக்கு நின்னே பழகிப்போச்சு."

குடோனுக்குப் போ என்றபோது வராத அழுகை சபிதாவுக்கு அப்போது வந்தது.